பார்க்கின்சன் வந்த அப்பா பேசுவதை நிறுத்திவிட்டார் என்றால்

வந்த கேள்வி இது: "அப்பாவுக்கு 68 வயது. நாலு வருஷமாகப் பார்க்கின்சன். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறார். கை நடுக்கம் முன்னைக்கு இப்போது குறைவுதான். ஆனால் ஆறேழு மாதமாக ஆளே மாறிவிட்டார். டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறார், பார்ப்பதில்லை. பேப்பரைத் தொடுவதில்லை. பேரன் வந்தால்கூட முகத்தில் ஒரு அசைவு இல்லை. ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொள்கிறார். கேட்டால் 'ஒண்ணுமில்ல' என்கிறார். சொந்தக்காரர்கள், 'நோய் வந்தா மனசு விட்டுப்போகத்தானே செய்யும், நாலு கோயிலுக்குக் கூட்டிட்டுப் போ' என்கிறார்கள். இது கவலையா, நோயா, வயசா? நாங்கள் என்ன செய்ய வேண்டும்?"

முதலில் என்னைப் பற்றி ஒரு வரி. நான் பிசியோதெரபிஸ்ட். மருந்து எழுதிக்கொடுக்கும் ஆள் இல்லை. இருபது வருஷத்துக்கு மேலாக வீடு வீடாகப் போய்ப் பயிற்சி கொடுக்கிறேன்; அவர்களில் பாதிப் பேர் பார்க்கின்சன்காரர்கள். டாக்டர் அவர்களைப் பத்து நிமிடம் பார்க்கிறார். நான் வாரத்துக்கு மூன்று நாள், தடவைக்கு முக்கால் மணி நேரம் பார்க்கிறேன். அவர் கண்ணில் படாத சில விஷயங்கள் என் கண்ணில் படும். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

நேர் பதில்: நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இது மனச்சோர்வு நோயாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அது 'நோய் வந்துவிட்டதே' என்ற கவலையால் மட்டும் வந்ததாகவும் இருக்காது. கையை நடுங்க வைக்கிற அதே நோய் மனசையும் பிடித்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். இதற்கு வைத்தியம் உண்டு, பெரும்பாலும் கேட்கும். கோயிலுக்குப் போவதில் தப்பில்லை. போகிற வழியில் டாக்டரையும் பார்த்துவிடுங்கள்.

கவலையால் மட்டும் வருகிறது என்றால், நோயின் பேர் தெரிந்த பிறகுதானே வர வேண்டும்? பலருக்கு அப்படி இல்லை. புது வீட்டுக்குப் போனால் நான் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, "நடுக்கம் வர்றதுக்கு முன்னாடி ஐயா எப்படி இருந்தாங்க?" என்பது. பதில் பெரும்பாலும் மனைவியிடமிருந்துதான் வரும். "அதுக்கு ரெண்டு மூணு வருஷம் முன்னாடியே ஒரு மாதிரி ஒடுங்கிட்டாருங்க. கல்யாணம் காட்சிக்கு வரமாட்டேம்பாரு. ரிட்டையர் ஆயிட்டதால அப்படின்னு நெனச்சோம்." கொஞ்சம் கிளறினால் இன்னும் வரும். ரசம் தாளித்த வாசனை மூக்குக்குத் தெரியவில்லை. மலச்சிக்கல். தூக்கத்தில் கத்துவது, காலால் உதைப்பது. இதெல்லாம் சேர்ந்து ஒரே கதை என்று அந்த அம்மாவுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

2003இல் ஜெர்மனியில் ஹைக்கோ பிராக் என்பவரும் அவர் குழுவும், இறந்தவர்களின் மூளைகளை ஆராய்ந்து ஒரு வரிசையைச் சொன்னார்கள். பார்க்கின்சனில் நரம்பு செல்களுக்குள் ஒரு புரதம் கட்டிகட்டியாகப் படிகிறது. அந்தப் படிவு நடுக்கத்துக்குக் காரணமான இடத்தில் தொடங்குவதில்லை. மூளைத் தண்டின் அடிப்பகுதியிலும், வாசனையை அறியும் பகுதியிலும் தொடங்கி மெல்ல மேலே ஏறுகிறது. போகிற வழியில், மனநிலையையும் தூக்கத்தையும் பார்த்துக்கொள்கிற செரட்டோனின், நார்அட்ரீனலின் என்ற ரசாயனங்களைச் சுரக்கும் செல்கள் உட்கார்ந்திருக்கும் இடங்களைப் பிடிக்கிறது. அதற்குப் பிறகுதான், உடம்பின் அசைவை நடத்துகிற டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்கள் இருக்கும் கரும்பகுதிக்கு வருகிறது. எல்லா நோயாளிக்கும் இந்த வரிசை அச்சு அசலாகப் பொருந்துவதில்லை. ஆனால் வாசனை போவதும் மனசு ஒடுங்குவதும் நடுக்கத்துக்கு முன்னால் வந்து நிற்பதற்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் படித்ததில்லை.

டோபமைனுக்கும் மனசுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், எனக்குப் பிடித்த கதை ஒன்று இருக்கிறது. அது நம் ஊர்ச் செடியில் ஆரம்பிக்கிறது. சர்ப்பகந்தி வேரை நம் நாட்டு வைத்தியத்தில் வெகுகாலமாகப் பயன்படுத்துகிறார்கள். அது ரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது என்று பம்பாயில் இருந்த டாக்டர் ருஸ்தம் ஜல் வக்கீல் 1949இல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுத, உலகமே திரும்பிப் பார்த்தது. 1952இல் அந்த வேரிலிருந்து ரிசர்பின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். பி.பி.க்கு அமோகமாக விற்றது. ஆனால் அதைச் சாப்பிட்ட சிலர் பார்க்கின்சன்காரர்கள் போலவே விறைத்துப்போனார்கள், சிலர் மனசு உடைந்து போனார்கள் என்று டாக்டர்கள் எழுத ஆரம்பித்தார்கள். ஸ்வீடனில் அர்விட் கார்ல்சன் முயல்களுக்கு ரிசர்பின் கொடுத்துப் பார்த்தார். முயல்கள் காதைத் தொங்கப்போட்டு அசையாமல் கிடந்தன. ரிசர்பின் மூளையில் டோபமைனைக் காலிசெய்துவிடும்; லெவோடோபா மூளைக்குள் போய் டோபமைனாக மாறும். அந்த லெவோடோபாவை ஊசியாகப் போட்டதும் கால் மணி நேரத்தில் எழுந்து ஓட ஆரம்பித்தன. 1957இல் நடந்த சோதனை அது. இன்று உங்கள் அப்பா சாப்பிடுகிற மாத்திரைக்கு அதுதான் அடித்தளம். கார்ல்சனுக்கு 2000இல் நோபல் பரிசு கிடைத்தது. உடம்பின் அசைவும் மனசின் நிலையும் ஒரே வகை ரசாயனங்களின் கையில் இருக்கின்றன என்பதற்கு அந்த ஒரு வேர் போதும்.

இவ்வளவு தெரிந்தும் மனச்சோர்வை ஏன் கவனிக்காமல் விடுகிறோம்? 1817இல் லண்டனில் ஜேம்ஸ் பார்க்கின்சன் ஆறு பேரைப் பார்த்து (சிலரைத் தெருவில் போகிற வழியில்தான் பார்த்தார்) இந்த நோயை முதன்முதலில் விவரித்தபோது, புலன்களும் அறிவும் கெடுவதில்லை என்று எழுதிவைத்தார். அதன் பிறகு வந்த டாக்டர்களின் கண் வெகுகாலம் கையிலும் காலிலும்தான் இருந்தது. வீட்டிலும் அதே கதைதான். "நடுக்கம் எப்படி இருக்கு?" என்று எல்லோரும் கேட்பார்கள். "மனசு எப்படி இருக்கு?" என்று யாரும் கேட்பதில்லை. உலகம் முழுக்க நடந்த பல ஆய்வுகளை 2008இல் சேர்த்துப் பார்த்தபோது, பார்க்கின்சன் உள்ளவர்களில் சுமார் 35 சதவீதம் பேருக்குக் கவனிக்கத்தக்க மனச்சோர்வு அறிகுறிகள் இருந்தன. கடுமையான மனச்சோர்வு சுமார் 17 சதவீதம் பேருக்கு. அறிகுறி உள்ளவர்கள் என்று பார்த்தால் மூன்றில் ஒருவர். உங்கள் அப்பா அபூர்வமான ஆள் இல்லை.

இனி முகம். பார்க்கின்சன் முகத் தசைகளையும் இறுக்கிவிடும். கண் சிமிட்டுவது குறையும், சிரிப்பு உதட்டுக்கு வந்து சேராது, குரல் இறங்கிப்போகும். அதனால் இந்த நோயில் முகத்தை நம்பி இரண்டு பக்கமும் ஏமாறலாம். நான் பயிற்சி கொடுத்த ஒரு அம்மா சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். முகம் கல் மாதிரி இருக்கும். வீட்டுக்கு வந்த உறவினர்கள் எல்லோரும் "பாவம், மனசொடிஞ்சு கெடக்கு" என்று அவர் காதுபடவே பேசுவார்கள். ஒரு நாள் என்னிடம், "என் மூஞ்சிதான் தம்பி ஸ்ட்ரைக்கு, நான் இல்ல" என்றார். அவருக்கு மனச்சோர்வே கிடையாது. பேரன் முகத்தைப் பார்த்து உங்கள் அப்பா சிரிக்கவில்லை என்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள் என்று சொல்ல இதை எழுதுகிறேன். மூன்று மணிக்கு விழிப்பு வருவதும் அப்படித்தான். சிறுநீர் முட்டினாலும் வரும், இரவு மாத்திரையின் வேகம் தீர்ந்து உடம்பு புரள முடியாமல் போனாலும் வரும்.

அப்படியானால் எதை வைத்துக் கண்டுபிடிப்பது? இன்னொருவர் கதையைச் சொல்கிறேன். பத்திரம் எழுதுகிறவராக இருந்தவர். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். வீட்டு வரவு செலவை ஒரு நீள நோட்டில் நாற்பது வருஷமாகத் தினமும் எழுதியவர். அவர் மனைவி அந்த நோட்டுகளை எனக்கு எடுத்துக் காட்டினார். நோய் கண்டுபிடிப்பதற்கு முந்தைய வருஷத்து நோட்டில், வரி தொடங்கும்போது பெரிதாக இருக்கும் எழுத்து வரி முடிவதற்குள் கடுகு போலச் சிறுத்திருந்தது. அது பார்க்கின்சன். மாத்திரை ஆரம்பித்த பிறகு எழுத்து கொஞ்சம் பெரிதாகித் திரும்பி வந்தது. அப்புறம் ஒரு ஆடி மாதத்தில் "பால் 2" என்று எழுதிய பக்கத்தோடு நோட்டு நின்றுவிட்டது. மீதிப் பக்கங்கள் வெள்ளை. கை எழுதத் தயாராக இருந்தது. நான் கொடுத்த பயிற்சித் தாளில் எழுதிக்காட்டினார். நோட்டைத் தொட மனம் வரவில்லை. "என்னத்த எழுதி என்ன ஆகப்போவுது" என்றார். "என்னால எல்லாருக்கும் செலவு" என்பதை அரை மணி நேரத்தில் மூன்று தடவை சொன்னார். அந்த வெள்ளைப் பக்கம்தான் மனச்சோர்வு.

ஆகவே, செய்ய முடியாததால் விட்டதை ஒரு பக்கம் வையுங்கள்; செய்ய முடிந்தும் விட்டதைத் தேடுங்கள். பேப்பரைப் பிடிக்க முடியாமல் படிப்பதை நிறுத்தினாரா, யாராவது விரித்துப் பிடித்தாலும் வேண்டாம் என்கிறாரா? முன்பு ஆசையாகச் சாப்பிட்டதை இப்போது கொடுத்தால் என்ன சொல்கிறார்? தன்னைத் தானே குறைத்துப் பேசுகிறாரா? எதிர்காலத்தைப் பற்றிப் பேச்சு எடுத்தால் முடிந்துவிட்டது போலப் பதில் வருகிறதா? இவை இரண்டு வாரத்துக்கு மேல், நாளின் பெரும் பகுதி இருந்தால், சந்தேகப்பட்டுக்கொண்டே இருக்க வேண்டாம்.

கேட்கும் விதத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. "ஏம்பா இப்படி இருக்க?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்றுதான் வரும். டிவியை அணைத்துவிட்டு, நேர் எதிரே உட்கார்ந்து, "அப்பா, முன்ன மாதிரி எதுலயும் சந்தோஷம் வருதா?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். கேட்டுவிட்டு மனசுக்குள் இருபது எண்ணும் வரை வாயைத் திறக்காதீர்கள். இந்த நோயில் பதில் மெதுவாகத்தான் கிளம்பி வரும். நாம் பொறுமையில்லாமல் இரண்டாவது கேள்வியைப் போட்டுவிடுகிறோம். அவர் முதல் பதிலையும் விழுங்கிவிடுகிறார்.

மனச்சோர்வு மாதிரியே இருக்கும், ஆனால் அது இல்லாத ஒன்றும் பார்க்கின்சனில் உண்டு. நாட்டமின்மை என்று சொல்லலாம். இவர்களுக்கு வருத்தம் இருக்காது, அழுகை இருக்காது. எதையும் தானாகத் தொடங்கத் தோன்றாது, அவ்வளவுதான். கல்யாணத்துக்கு நீங்களாக வேட்டி கட்டிவிட்டுக் கூட்டிப் போனால் வருவார், பந்தியில் நன்றாகவே சாப்பிடுவார். போகாவிட்டாலும் கவலை இல்லை. வீட்டில் இருப்பவர்கள்தான் தவிப்பார்கள். இதை வீட்டில் 'சோம்பேறித்தனம்', 'அழுத்தம்' என்று திட்டுவார்கள். இரண்டும் சேர்ந்தே வருவதும் உண்டு. மனச்சோர்வு மாத்திரை இதற்கு அவ்வளவாக உதவுவதில்லை. நேரத்தைக் குறித்து, கையைப் பிடித்து, "வாங்க, இப்ப இதைச் செய்யலாம்" என்று தொடங்கிவைப்பதுதான் உதவுகிறது. உங்கள் கடிதத்தில் ஆறேழு மாதத்தில் ஆள் மாறியதாகவும் தூக்கம் கெட்டதாகவும் இருப்பதால்தான் நான் மனச்சோர்வு பக்கம் சாய்கிறேன்.

இன்னொரு விஷயம், கடிகாரம். ஒரு வீட்டில் மாமியாருக்குப் பார்க்கின்சன், பார்த்துக்கொள்வது மருமகள். தினமும் மகன் வேலைக்குக் கிளம்பிப் போன கொஞ்ச நேரத்தில் அந்த அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பிப்பார். பயம், வியர்வை, "நான் செத்துப்போயிருவேன்" என்று புலம்பல். மதியச் சாப்பாட்டு நேரத்தில் சரியாகிவிடுவார். "பிள்ளை இல்லாத நேரத்துல என்கிட்ட மட்டும் நடிக்கிறாங்க சார்" என்று மருமகள் அடுப்படியில் வைத்து என்னிடம் மெதுவாகச் சொன்னார். அவர் மேலும் தப்பில்லை. பத்து மாதமாக அதைத் தினமும் பார்த்தவர். ஒரு தாளில் மணியை எழுதச் சொன்னேன்: மாத்திரை எத்தனை மணி, அழுகை எத்தனை மணி, நடை எப்போது நன்றாக இருந்தது. பத்து நாளில் தாளே பதில் சொல்லிவிட்டது. காலை மாத்திரை ஏழு மணிக்கு. அடுத்தது ஒரு மணிக்கு. அழுகை பதினொன்றுக்கு. மாத்திரையின் வேகம் தீர்ந்துபோன இரண்டு மணி நேரத்தில் காலும் இழுத்தது, மனசும் விழுந்தது.

ஆரம்ப வருஷங்களில் லெவோடோபா நாள் முழுக்கச் சமாளிக்கும். வருஷம் போகப் போக ஒரு மாத்திரை மூன்று நான்கு மணி நேரம்தான் தாங்கும். தீரும்போது நடுக்கம் மட்டும் திரும்பி வருவதில்லை. பயமும் துக்கமும் கூடவே வரும். சிலருக்கு அவை மட்டும்தான் வரும். நரம்பியல் டாக்டர் அந்தத் தாளைப் பார்த்து மூன்று வேளையை நாலு வேளையாகப் பிரித்துக் கொடுத்தார். பதினொரு மணி அழுகை முக்கால்வாசி நின்றது. மனச்சோர்வுக்குத் தனி மாத்திரையே தேவைப்படவில்லை. உங்கள் அப்பாவுக்கும் முதலில் இப்படி ஒரு தாள் போடுங்கள். நாள் முழுக்க ஒரே மாதிரி இருக்கிறாரா, மாத்திரையோடு ஏறி இறங்குகிறாரா என்பது டாக்டருக்குப் பெரிய துப்பு. லெவோடோபாவைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாலோ ஒரு மணி பின்னாலோ கொடுத்தால் நன்றாக ஏறும். பருப்பு, முட்டை, பால் நிறைந்த சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுத்தால், அவற்றில் உள்ள புரதத்தோடு போட்டி போட்டு மாத்திரை பின்தங்கிவிடும். தாளில் அதையும் எழுதுங்கள்.

டாக்டரிடம் போனதும் அவர் ரத்தம் எடுக்கச் சொன்னால் முகம் சுளிக்காதீர்கள். தைராய்டு குறைவு, பி12 குறைவு இரண்டும் மனச்சோர்வு வேஷம் போடும். நம் வீட்டு சைவச் சாப்பாட்டில் பி12 குறைவு சகஜம்.

மருந்து என்று வந்தால், செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம் போன்றவற்றைத்தான் பெரும்பாலும் முதலில் எழுதுகிறார்கள். இவை நடுக்கத்தைக் கூட்டிவிடுமோ என்ற பயம் ஒரு காலத்தில் டாக்டர்களுக்கே இருந்தது. அமெரிக்காவில் 115 பார்க்கின்சன் நோயாளிகளை வைத்து பராக்சிடின், வென்லாஃபாக்சின் என்ற இரண்டு மருந்துகளைச் சோதித்து 2012இல் வெளியிட்டார்கள். இரண்டும் மருந்தே இல்லாத வெறும் மாத்திரையைவிட நன்றாக வேலை செய்தன, நடையையோ நடுக்கத்தையோ மோசமாக்கவில்லை. நார்ட்ரிப்டிலின் என்ற பழைய மருந்தும் நன்றாகவே கேட்கிறது. ஆனால் வயதானவர்களுக்கு மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, எழுந்தால் பி.பி. இறங்குவது போன்ற தொல்லைகள் உண்டு என்பதால் பார்த்துத்தான் கொடுப்பார்கள். எதுவானாலும் பலன் தெரிய மூன்று நான்கு வாரம் ஆகும். முதல் வாரத்தில் குமட்டலும் படபடப்பும் வரலாம், அப்போதுதான் நிறையப் பேர் "ஒத்துக்கல" என்று நிறுத்திவிடுகிறார்கள். சரியான பிறகும் ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் அப்பா திடீரென்று மந்தமாகி, குழம்பிப் பேசினால் உப்பு இறங்கியிருக்கலாம். உடனே சோடியம் பார்க்க வேண்டும். ஏற்கெனவே ராசாஜிலின், செலிஜிலின் என்ற பார்க்கின்சன் மாத்திரைகளில் ஒன்றைச் சாப்பிடுகிறார் என்றால் அதையும் மனநல டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். மனச்சோர்வு மாத்திரையோடு அது சேரும்போது கூடுதல் கவனம் வேண்டும்.

பிராமிபெக்சோல் என்ற பார்க்கின்சன் மாத்திரைக்கே மனசைத் தூக்கிவிடும் குணம் உண்டு என்று 2010இல் வந்த ஆய்வு சொல்கிறது. சில டாக்டர்கள் ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று அதைக் கூட்டுவார்கள். அதுவும் அதே வகையைச் சேர்ந்த ரோபினிரோலும் சிலருக்கு வேறொரு கதவைத் திறந்துவிடும்: சூதாட்டம், கண்டதையும் வாங்குவது, அடங்காத சாப்பாட்டு ஆசை, அடங்காத பாலுணர்வு. வாழ்க்கையில் சீட்டைத் தொடாத ஒருவர் நடுராத்திரியில் போனில் ரம்மி ஆடி ஓய்வூதியத்தைத் தொலைத்ததை நானே பார்த்தேன். வெட்கத்தில் யாரும் டாக்டரிடம் சொல்வதில்லை. இது மனுஷனுடைய குணக்கேடு இல்லை, மாத்திரையின் வேலை. அதற்காக நீங்களாகச் சட்டென்று நிறுத்தவும் கூடாது. திடீரென்று நிறுத்தினால் அதுவே பெரிய மனச்சோர்வையும் பதற்றத்தையும் கொண்டுவரும். டாக்டர் படிப்படியாகக் குறைப்பார்.

இப்போது நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்பும் இடத்துக்கு வருகிறேன். பார்க்கின்சன்காரர் வீட்டு மாத்திரை டப்பாவில் நரம்பியல் டாக்டர் எழுதியது மட்டும் இருப்பதில்லை. 'கேஸுக்கு' ஒன்று, 'தலைசுத்தலுக்கு' ஒன்று, 'நரம்புத் தளர்ச்சிக்கு' ஒன்று என்று தெருமுனை மருந்துக்கடையில் வாங்கியவையும் சேர்ந்திருக்கும். கேஸ் மாத்திரைகள் சிலவற்றில் லெவோசல்பிரைடு கலந்திருக்கும். வாந்திக்குக் கொடுப்பதில் மெட்டோகுளோபிரமைடு இருக்கும். தலைசுற்றலுக்குக் கொடுப்பதில் சின்னரிசின் அல்லது ஃப்ளூனரிசின். 'மனசுக்கு லேசா இருக்கும்' என்று கொடுக்கும் ஒரு கலவை மாத்திரையில் ஃப்ளூபென்டிக்சால். இவை எல்லாமே டோபமைனைத் தடுப்பவை. ஒரு பக்கம் விலை கொடுத்து டோபமைனை ஏற்றிக்கொண்டு, மறுபக்கம் அதற்கு மூடி போட்டுக்கொண்டிருக்கிறோம். இவற்றில் சில மனச்சோர்வையும் கூட்டும். பார்க்கின்சனே இல்லாதவர்களுக்கு லெவோசல்பிரைடால் விறைப்பும் நடுக்கமும் வந்து, மாத்திரையை நிறுத்திய சில மாதங்களில் சரியானதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். பூனைக்காலி விதைப் பொடியும் இந்தப் பட்டியலில் உண்டு, ஆனால் எதிர்ப்பக்கத்தில். அதில் உண்மையிலேயே லெவோடோபா இருக்கிறது. டாக்டருக்குத் தெரியாமல் அதையும் சேர்த்துக் கொடுத்தால் அளவு எங்கேயோ போய்விடும்.

மாத்திரை இல்லாமல் பேசியே சரிசெய்ய முடியாதா என்று அடுத்து கேட்பீர்கள். ஓரளவு முடியும். 2011இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வில் 80 நோயாளிகளில் சுமார் பாதிப் பேருக்குப் பத்து வாரம் மனநல ஆலோசனை கொடுத்துப் பார்த்தபோது, அப்படிக் கொடுக்கப்பட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு நல்ல முன்னேற்றம் தெரிந்தது. வீட்டில் பார்த்துக்கொள்பவர்களையும் தனியாக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள் என்பது அதில் முக்கியம். நம் பக்கம் இப்படிப்பட்ட ஆலோசகர்கள் பெரிய ஊர்களில்தான் கிடைக்கிறார்கள். ஆனால் தமிழ்நாட்டில் மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. அங்கே கேட்டுப் பார்க்கலாம். 'பைத்தியக்கார டாக்டர்' என்று அப்பா தயங்கினால், நரம்பியல் டாக்டரையே முதலில் ஆரம்பிக்கச் சொல்லலாம். கரன்ட் வைத்தியம் என்ற பேச்சு வந்தாலும் சினிமாவில் பார்த்ததை நினைத்துப் பயப்பட வேண்டாம். மயக்க மருந்து கொடுத்துச் செய்வது அது. எதற்கும் மசியாத மனச்சோர்வுக்கு வைத்திருக்கிறார்கள், கொஞ்ச நாளைக்கு விறைப்பும் குறையும்.

என் தொழில் உடற்பயிற்சி, அதனால் அதைப் பற்றிப் பெருமையாகப் பேசுவேன் என்று எதிர்பார்ப்பீர்கள். மனச்சோர்வு முற்றியவரிடம் "தினமும் முக்கால் மணி நேரம் நடங்க" என்று சொல்வது வீண். எழுந்திருக்கவே மனம் இல்லாதவரை எப்படி நடக்க வைப்பது? பத்திர எழுத்தரிடம் நான் கேட்டது, வாசல் வரை வந்து பால் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போவது மட்டும். மாத்திரை ஏறிய நேரம் பார்த்து, எட்டரை மணிக்கு. ஒரு வாரம் அதுதான் பயிற்சி. அடுத்த வாரம் தெருமுனை. அப்புறம் கையை வீசி, எண்ணிக்கை சொல்லி, சத்தமாக. சத்தமாக எண்ணுவது குரலுக்கும் நல்லது, பக்கத்து வீட்டுக்காரர் "என்ன சார், மிலிட்டரியா?" என்று கேட்பதும் நல்லது.

உங்கள் அம்மாவைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. மூன்று மணிக்கு அப்பா எழுந்தால் அம்மாவும் எழுந்துதானே இருப்பார்? இந்த நோயில் பார்த்துக்கொள்கிறவர்களும் அதே பள்ளத்தில் விழுவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். வாரத்தில் இரண்டு இரவு நீங்களோ வேறு யாரோ அப்பா பக்கத்தில் படுத்துக்கொண்டு அம்மாவைத் தூங்கவிடுங்கள்.

இதைத் தள்ளிப்போடக் கூடாது: "போதும்", "சீக்கிரம் போய்ச் சேரணும்", "யாருக்கும் பாரமா இருக்க வேண்டாம்" என்று அப்பா சொல்கிறாரா? வயசானவர்கள் எல்லோரும் சொல்வதுதான் என்று காதில் போடாமல் விடாதீர்கள். "சாகணும்னு நெனப்பு வருதாப்பா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. இருப்பதை இறக்கிவைக்க ஒரு இடம் கிடைக்கும். ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள். மாத்திரைகளை உங்கள் பொறுப்பில் வையுங்கள். வீட்டில் பூச்சி மருந்து இருந்தால் அப்புறப்படுத்துங்கள். அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். எந்த நேரமும் தமிழில் பேச 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண் இருக்கிறது, தமிழ்நாட்டில் 104 எண்ணும் இருக்கிறது. இலங்கையிலிருந்து படிப்பவர்களுக்கு 1926. மூளைக்குள் கம்பி வைக்கும் அறுவை சிகிச்சை பற்றி யோசித்துக்கொண்டிருப்பவர்கள், அதற்கு முன்பே மனச்சோர்வைச் சரிசெய்துகொள்ள வேண்டும், அதற்குப் பிறகும் முதல் வருஷம் மனநிலையைக் கண்காணிக்க வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பத்திர எழுத்தர் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். மனச்சோர்வு மாத்திரை தொடங்கி ஆறாவது வாரம் நான் போனபோது நோட்டு மேஜை மேல் திறந்திருந்தது. "பால் 2, கீரை 1" என்று கடுகு எழுத்து. பக்கத்தில் பிசியோதெரபி என்று எழுதி என் கட்டணத்தையும் போட்டிருந்தார். கூட்டிப் பார்த்துவிட்டு, "மாசத்துக்கு இவ்வளவு வாங்கறீங்களா தம்பி?" என்று கேட்டார்.

சரி, நீங்கள் இந்த வாரமே தொடங்க வேண்டிய வேலை: பத்து நாளுக்கு அந்த மணித் தாளைப் போடுங்கள். அதே நேரம் டாக்டரிடம் நாள் வாங்கிவிடுங்கள். போகும்போது வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு மஞ்சள் பையில் அள்ளிப் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள், அந்தக் கேஸ் மாத்திரையையும் சேர்த்து.